தன் கம்பெனியிலேயே அப்ரன்டிஸ் ஆன முதலாளி... வால்ட் டிஸ்னியின் தோட்டத்து ரயில் கதை!

ஒரு நிமிஷம் இப்படிக் கற்பனை பண்ணிப் பாருங்க. உங்களுக்கு 46 வயசு. உங்க பேர் தெரியாத குழந்தையே உலகத்துல இல்லை. அலமாரியில ஆஸ்கர் விருதுகள் வரிசையா நிக்குது. நூற்றுக்கணக்கான பேர் உங்ககிட்ட வேலை பார்க்குறாங்க. ஆனா, சாயங்காலம் ஆனா கழுத்து வலி. ஆபீஸ்ல கடன் பிரச்னை. மனசுல ஏதோ ஒரு வெறுமை. இந்த நேரத்துல கிறிஸ்துமஸ் வருது. உங்களுக்கு நீங்களே ஒரு பரிசு வாங்கிக்கலாம்னா என்ன வாங்குவீங்க?

புது கார்? வெளிநாட்டு டூர்?

1947 டிசம்பரில் வால்ட் டிஸ்னி வாங்கியது, ஒரு பொம்மை ரயில்.

ஆமாங்க, மிக்கி மவுஸின் அப்பா வால்ட் டிஸ்னியேதான். ஆபீஸில் தன் அறைக்குப் பக்கத்து அறையில் அந்த மின்சார ரயிலை ஓடவிட்டார். வாழ்க்கை முழுக்க ஆசைப்பட்ட ஒன்றை வாங்கிவிட்டதாகத் தங்கை ரூத்துக்குக் கடிதமும் எழுதினார். பெரிய மனுஷன், ஏதோ ஸ்ட்ரெஸ் தாங்காமல் விளையாடுகிறார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பொம்மை ரயில் அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது சுவாரஸ்யமான கதை. வாங்க, ஏறி உட்காருங்க. வண்டி கிளம்புது!

தண்டவாளத்தில் காது வைத்த பையன்

வால்ட் டிஸ்னி பிறந்தது 1901 டிசம்பர் 5, அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில். ஆனால், அவர் மனசில் கடைசி வரை சொந்த ஊராக இருந்தது மிசௌரி மாநிலத்தில் இருக்கும் மார்சலின் என்ற சின்ன ஊர். 1906-ல் அவர் குடும்பம் அங்கே ஒரு பண்ணை வாங்கிக் குடியேறியது. சான்டா ஃபே ரயில்வேயின் முக்கியப் பாதை அந்த ஊர் வழியாகத்தான் போகும்.

அங்கே ரயில்தான் எல்லாம். வால்ட்டின் உறவினர் மைக் மார்ட்டின், அதே பாதையில் இன்ஜின் டிரைவர். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வரும்போது பிள்ளைகளுக்கு மிட்டாய்ப் பொட்டலத்தோடு வருவார். நம்ம ஊர்ல ஒரு காலத்துல பஸ் டிரைவர்னா பசங்களுக்கு எவ்வளவு பெரிய ஹீரோ... அப்படித்தான் அந்த ஊர்ப் பையன்களுக்கு இன்ஜின் டிரைவர். அப்பா எலியாஸ் டிஸ்னியும் இளமையில் ரயில் பாதை வேலையில் தச்சராக இருந்தவர். ஆக, ரயில் என்பது அந்த வீட்டின் ரத்தத்திலேயே ஓடியது.

அந்தச் சந்தோஷம் நாலைந்து வருஷம்தான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போக, பண்ணையை விற்றுவிட்டுக் குடும்பம் கன்சாஸ் சிட்டிக்கு நகர்ந்தது. விடியற்காலையில் எழுந்து, பனியிலும் மழையிலும் வீடு வீடாகப் பேப்பர் போடும் வேலை வால்ட்டின் தலையில் விழுந்தது. அப்போது அவருக்கு 10 வயதுகூட ஆகவில்லை.

1917 கோடை விடுமுறையில் 15 வயது வால்ட் ரயிலில் வேலைக்குச் சேர்ந்தார். டிரைவராக இல்லை. ஓடும் ரயிலில் பேப்பர், பழம், மிட்டாய், சோடா விற்கும் பையனாக. நம்ம ஊர் ரயில்ல 'முறுக்கு, கடலை' விக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்கல்ல, அதே வேலை. வியாபாரத்தில் லாபம் ஒன்றும் பார்க்கவில்லை. காலி பாட்டில்களைத் தொலைத்தார். விற்க வைத்திருந்த மிட்டாயைத் தானே தின்றார். ஆனால், இன்ஜின் ஆட்களுக்குப் புகையிலை கொடுத்து சிநேகம் பிடித்து, இன்ஜினுக்குள்ளேயே நின்று பயணம் பண்ணும் வாய்ப்பைச் சம்பாதித்தார். கணக்கு நோட்டில் நஷ்டம். மனசுக்கு? அதுக்கெல்லாம் கணக்கே கிடையாது பாஸ்!

பென்சில் போச்சு, குரலும் போச்சு

அடுத்த 30 வருஷக் கதையை நீங்க ஓரளவு கேட்டிருப்பீங்க. 1923-ல் ஹாலிவுட் வந்தார். அண்ணன் ராயுடன் சேர்ந்து ஸ்டூடியோ தொடங்கினார். 1928-ல் தன்னுடைய ஹிட் கதாபாத்திரமான ஆஸ்வால்ட் முயலின் உரிமை கைவிட்டுப் போனது. நியூயார்க்கிலிருந்து மனசு நொந்து ஊர் திரும்பிய ரயில் பயணத்தில்தான் மிக்கி மவுஸ் யோசனை வந்ததாக வால்ட் பின்னாளில் கதை சொல்வார். 1937-ல் 'ஸ்னோ ஒயிட்' வந்து சக்கைப்போடு போட்டது.

ஆனால், வெளியே தெரியாத ஒரு விஷயம் உண்டு. கம்பெனி வளர வளர, வால்ட்டின் கையிலிருந்து வேலை நழுவிக்கொண்டே போனது. மிக்கியைக் காகிதத்தில் வரைந்தவர் அவருடைய கூட்டாளி அப் ஐவர்க்ஸ். 1920-களிலேயே வால்ட் படம் வரைவதை நிறுத்திவிட்டார். அவரைவிடத் திறமையான ஓவியர்கள் வந்துவிட்டார்கள். அவர் வேலை யோசனை சொல்வது, கதையை நடித்துக் காட்டுவது, திருத்துவது. மிக்கிக்குக் குரல் கொடுப்பதை மட்டும் விடாமல் வைத்திருந்தார். 1940-களின் நடுவில் அதையும் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டார்.

பெரிய கம்பெனியின் முதலாளி. ஆனால் தன் கையால் செய்தது இது என்று காட்ட, மாலையில் மேசையில் எதுவும் இருக்காது. டீம் லீட் ஆன பிறகு கோடு எழுதுறதே விட்டுப்போச்சுன்னு புலம்புற ஐ.டி நண்பர்கள் உங்களுக்கும் இருப்பாங்களே... அவங்களைக் கேளுங்க, இந்த வலி புரியும்.

இதோடு அடி மேல் அடி. 1938-ல், மகன்கள் வாங்கிக்கொடுத்த புது வீட்டிலேயே ஹீட்டரிலிருந்து கசிந்த விஷவாயுவால் அம்மா இறந்துபோனார். 1941-ல் ஸ்டூடியோ ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தன் குடும்பம் என்று அவர் நம்பிய ஆட்கள், கேட்டுக்கு வெளியே பதாகை பிடித்து நின்றார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. சம்பளத்தில் ஏகப்பட்ட ஏற்றத்தாழ்வு. ஆனால், வால்ட் அதைத் துரோகமாகவே எடுத்துக்கொண்டார், கடைசி வரை ஆறவில்லை. அப்புறம் இரண்டாம் உலகப் போர். ஐரோப்பியச் சந்தை மூடிக்கொண்டது. வங்கிக் கடன் ஏறியது. போலோ விளையாட்டில் பட்ட பழைய அடி, கழுத்து வலியாக உட்கார்ந்துகொண்டது. தினமும் மாலை ஸ்டூடியோ நர்ஸ் ஹேஸல் ஜார்ஜிடம் ஒத்தடம் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்.

1947-ல் பொம்மை ரயில் வாங்கிய ஆள், இந்த ஆள்தான்.

ரெண்டு ஊழியர்கள் வெச்ச தீ

ரயில் பொம்மை என்றால் பல ரகம் உண்டு. அமெரிக்காவில் ஓ என்ற அளவில் வரும் ரயில், நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு. ஹெச்.ஓ என்றால் 87-ல் ஒரு பங்கு. என் என்றால் 160-ல் ஒரு பங்கு. இன்ஜினையே உள்ளங்கையில் மூடி வைக்கலாம். இவையெல்லாம் பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுபவை. புகைபோக்கி இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது மோட்டார். கொலுவில் பார்க் கட்டி ரயில் விடுவோமே, அந்தக் குடும்பம்.

இந்த ஹாபியில் இருப்பவர்கள் கடையில் வாங்கியதை அப்படியே ஓட்டுவதோடு நிறுத்த மாட்டார்கள். புகைபோக்கியை மாற்றுவார்கள். பழைய காலத்து விளக்கு பொருத்துவார்கள். பளபளக்கும் பெயின்ட் மேல் கரியும் துருவும் படிந்த மாதிரி சாயம் ஏற்றுவார்கள். பொம்மையை, ஒரு குறிப்பிட்ட ஊரில் ஒரு குறிப்பிட்ட வருஷத்தில் ஓடிய இன்ஜினாக மாற்றுவதில்தான் அவர்களுக்குப் போதை.

இன்னொரு ரகம் இருக்கிறது. அதன் பெயர் லைவ் ஸ்டீம். அதாவது நிஜ நீராவி. சின்ன இன்ஜின்தான், ஆனால் உள்ளே நிஜமாகவே நிலக்கரி எரியும். பாய்லரில் நிஜமாகவே தண்ணீர் கொதிக்கும். அந்த நீராவி பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் சக்கரத்தைச் சுழற்றும். இது பொம்மை இல்லைங்க, குட்டியாகப் பிறந்த நிஜ இன்ஜின்.

வால்ட்டின் ஸ்டூடியோவிலேயே இரண்டு ரயில் பைத்தியங்கள் இருந்தார்கள். இரண்டு பேருமே பெரிய அனிமேட்டர்கள். வார்ட் கிம்பல், தன் வீட்டுத் தோட்டத்தில் நிஜமான முழு அளவு குறும்பாதை இன்ஜினையே வாங்கி நிறுத்தியிருந்தார். ஆலி ஜான்ஸ்டன், 12-ல் ஒரு பங்கு அளவில் நீராவி இன்ஜின் செய்துகொண்டிருந்தார். கிம்பல் வீட்டில் இன்ஜினை ஓட்டிப் பார்த்தார் வால்ட். ஜான்ஸ்டனின் இன்ஜின் உருவாகும் பட்டறைக்கும் போய் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், ஆபீஸ் அறையில் ஓடிக்கொண்டிருந்த மின்சார ரயில் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

1948-ல் சிகாகோவில் பெரிய ரயில் கண்காட்சி நடந்தது. நர்ஸ் ஹேஸல் ஜார்ஜ்தான், போய்ட்டு வாங்களேன் என்று தூண்டிவிட்டவர். கிம்பலைக் கூட்டிக்கொண்டு ரயிலிலேயே கிளம்பினார் வால்ட். அங்கே பழைய இன்ஜின்கள் சிலவற்றை ஓட்டிப் பார்க்கவும் அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. திரும்பும் வழியில் மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு அமைத்திருந்த பழைய காலத்துக் கிராமத்தையும் சுற்றிப் பார்த்தார்கள். ஊர் திரும்பிய வால்ட்டிடம் இரண்டு மாற்றங்கள். ஒன்று, தனக்கென்று ஒரு நீராவி இன்ஜின் செய்தே ஆக வேண்டும் என்ற வெறி. இன்னொன்று, அதே ஆகஸ்ட் 31 அன்று அவர் எழுதிய ஒரு குறிப்பு. அதில் ரயில் நிலையம், ஊர்ச் சதுக்கம், உட்கார பெஞ்சுகள் எல்லாம் இருக்கும் ஒரு சின்னப் பூங்காவைப் பற்றி எழுதியிருந்தார். அதை இப்போதைக்கு ஓரமா வைங்க, கடைசியில தேவைப்படும்.

முதலாளி படித்த பாடம்

வால்ட் தேர்ந்தெடுத்தது, 19-ம் நூற்றாண்டில் சென்ட்ரல் பசிபிக் ரயில்வேயில் ஓடிய 173-ம் எண் இன்ஜின். முன்னால் நாலு சின்னச் சக்கரம், நடுவில் நாலு பெரிய சக்கரம், மேலே வாய் அகன்ற புகைபோக்கி. பழைய கௌபாய் படங்களில் வருமே, அந்தச் சாயல். அதை 8-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்ய முடிவானது. தண்டவாளத்தின் அகலம் 7¼ அங்குலம்.

சுருக்குவது சுலபம் என்று நினைக்காதீங்க. இங்கே ஒரு சின்னக் கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 8-ல் ஒரு பங்கானால், பாய்லரின் கொள்ளளவு 8-ல் ஒரு பங்கு ஆகாது. 8 × 8 × 8, அதாவது 512-ல் ஒரு பங்காகிவிடும். தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துபோகும். சூடு சீக்கிரம் ஆறிப்போகும். கொஞ்சம் கவனம் பிசகினால் நெருப்பு அணைந்துவிடும். இரும்பைச் சுருக்கலாம். ஆனால், நெருப்பும் நீராவியும் நம் இஷ்டத்துக்குச் சுருங்காது. இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, இந்தக் கதையோட சோகமும் இதுக்குள்ளதான் இருக்கு.

இன்ஜினை உருவாக்கும் பொறுப்பு ஸ்டூடியோ மெஷின் ஷாப்பின் தலைவர் ரோஜர் ப்ராகியிடம் போனது. வழக்கமான முதலாளி என்றால் என்ன செய்வார்? ஆர்டர் கொடுத்துவிட்டு, ரெடியானதும் ரிப்பன் வெட்ட வருவார். வால்ட் அப்படிச் செய்யவில்லை. எனக்கும் வேலை கற்றுக்கொடு என்று ப்ராகியின் பட்டறையில் போய் நின்றார்.

மாலை நேரங்களில் முதலாளி மெஷின் ஷாப்புக்கு வருவார். லேத்தில் எப்படிக் கடைவது, தகட்டை எப்படி வளைப்பது, துண்டுகளை எப்படிப் பற்றவைப்பது என்று தன்னிடம் சம்பளம் வாங்கும் ஊழியரிடமே பாடம் கேட்பார். அங்கே அவர் ஆஸ்கர் நாயகன் இல்லை. வெறும் அப்ரன்டிஸ். கொடுத்த வேலையைச் செய்து, தப்பானால் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்யும் அப்ரன்டிஸ்.

பாய்லர் மாதிரி ஆபத்தான, கடினமான பாகங்களைத் தொழில் தெரிந்தவர்கள் செய்தார்கள். புகைபோக்கி, முகப்பு விளக்கு, கைப்பிடிக் கம்பிகள் போன்ற சின்னச் சின்ன பாகங்களை வால்ட் தன் கையால் செய்தார். பல வருஷங்களுக்குப் பிறகு, இதோ இது நான் செய்தது என்று காட்ட அவர் மேசையில் ஒரு பொருள் இருந்தது. அந்த உணர்வுக்கு விலை போடவே முடியாது.

1949 டிசம்பர் 24. ஸ்டூடியோவில் கிறிஸ்துமஸ் பார்ட்டி. படப்பிடிப்புத் தளத்தில் தற்காலிகத் தண்டவாளம் போட்டு, நெருப்பு மூட்டி, இன்ஜினை ஓட்டிக் காட்டினார்கள். இன்ஜினின் பெயர் 'லில்லி பெல்'. மனைவி லில்லியனின் பெயரிலிருந்து வைத்தது. இதற்குப் பின்னால் கொஞ்சம் ராஜதந்திரமும் உண்டு பாஸ்... ஏன்னா அடுத்து கைவைக்கப் போவது அவங்க தோட்டத்துலயாச்சே!

அடுப்புல சிக்கின மனுஷன்

அதற்கு முன் ஒரு கிளைக் கதை. ரயிலின் கடைசியில் வரும் கார்டு பெட்டியை வால்ட் ஏறக்குறைய தனியாகவே செய்தார். மரவேலை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அப்பா தச்சராச்சே! பெட்டிக்குள் கார்டு படுக்கும் கட்டில், துணி மாட்டும் அலமாரி, குளிருக்கு ஒரு குட்டி இரும்பு அடுப்பு எல்லாம் வைத்தார். பெட்டிக்குள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கப்போவதில்லை. இருந்தாலும் இருக்கணும்!

அந்தக் குண்டு வயிற்று அடுப்பு அவ்வளவு அழகாக வந்துவிட்டது. திறந்து மூடும் கதவு, உள்ளே சல்லடை எல்லாம் வேலை செய்தது. அதோடு நிறுத்தினாரா? இல்லை. இன்னொன்று செய்தார். அப்புறம் வேறு நிறத்தில் ஒன்று. பிறகு பூ வேலைப்பாட்டோடு ஒன்று. இப்படியே சுமார் 100 அடுப்புகள்! நண்பர்களுக்குக் கொடுத்தார். சிலவற்றை நியூயார்க்கில் ஒரு கலைப்பொருள் கடையில் 25 டாலர் விலைக்கு வைத்தார். கோடிகளில் கடன் இருந்த ஸ்டூடியோவின் முதலாளி, 25 டாலருக்குக் குட்டி அடுப்பு விற்றார் என்றால் நம்புவீங்களா? காசுக்காக இல்லை. தன் பெயரைப் பார்க்காமல், பொருளைப் பார்த்து ஒருத்தர் காசு கொடுக்கிறாரா என்று பார்க்கும் ஆசை, கைவேலை செய்கிற எல்லோருக்கும் உண்டு. இன்ஸ்டாவில் க்ரோஷே பையும் ரெசின் கம்மலும் விற்கும் நம் தோழிகளுக்கு அது நல்லாவே தெரியும்.

மனைவியின் பூச்செடிக்கு அடியில் ஒரு சுரங்கம்

லாஸ் ஏஞ்சலீஸில் ஹோம்பி ஹில்ஸ் பகுதியில், கரோல்வுட் டிரைவ் என்ற தெருவில் வால்ட் புது வீடு கட்டினார். வீட்டைச் சுற்றி ரயில் ஓட வேண்டும் என்பதையும் மனசில் வைத்துத்தான் அந்த இடத்தையே வாங்கினார். மனைவி, மகள்கள் டயான், ஷாரன் மூன்று பேரும் ரயில் பாதைக்கு இடம் கொடுக்கச் சம்மதிக்கிறார்கள் என்று ஓர் ஒப்பந்தப் பத்திரமே தயாரித்தார். நிஜ ரயில் கம்பெனி நிலம் எடுக்கும்போது எழுதுமே, அந்த மாதிரி சட்ட மொழியில். விளையாட்டுதான். ஆனாலும் வீட்டம்மா சம்மதம் இல்லாமல் தோட்டத்தில் மண்வெட்டி வைக்கக் கூடாது என்ற பயமும் அதில் தெரிகிறது.

பாதையின் மொத்த நீளம் 2,615 அடி. ஏறத்தாழ அரை மைல். 46 அடி நீளத்தில் ஒரு மரப்பாலம். லில்லியன் பூச்செடி வளர்க்க நினைத்த இடத்தில் பாதை குறுக்கிட்டதால், அந்தத் தோட்டத்துக்கு அடியில் 90 அடி நீளத்தில் ஒரு சுரங்கம். அதுவும் நேராக இல்லை, பாம்பு மாதிரி வளைந்து போகும். நேராக வெட்டினால் செலவு குறையும் என்று வேலையாட்கள் சொல்லிப் பார்த்தார்கள். வால்ட் கேட்கவில்லை. நேராக இருந்தால் உள்ளே நுழையும்போதே மறுமுனை வெளிச்சம் தெரிந்துவிடும். வளைந்திருந்தால்? உள்ளே போனதும் கும்மிருட்டு. எப்போது வெளியே வருவோம் என்று தெரியாது. அந்தச் சில விநாடித் திகில் அவருக்கு வேண்டும். எவ்வளவு செலவாகிறது என்று தனக்குச் சொல்லவே கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

தோட்டத்தில் ஒரு சின்ன மரக் கொட்டகையும் கட்டினார். மார்சலின் பண்ணையில் இருந்த கொட்டகையின் சாயலில். உள்ளே அவருடைய பட்டறை. ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தினர்கள் வருவார்கள். இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் கரிப்பெட்டி மேல் தொப்பி போட்டுக்கொண்டு டிரைவராக உட்கார்வார் வால்ட். பின்னால் சரக்குப் பெட்டிகளில் பெரியவர்களும் குழந்தைகளும் காலை இருபுறமும் போட்டு உட்கார்ந்து வருவார்கள். 'கரோல்வுட் பசிபிக்' என்று தன் ரயிலுக்குப் பெயரும் வைத்தார். 40 வருஷத்துக்கு முன்னால் தொலைத்த மார்சலினை, தன் வீட்டுத் தோட்டத்தில் 8-ல் ஒரு பங்கு அளவில் திரும்பக் கட்டிவிட்டார் அந்த மனுஷன்.

அந்த ஒரு வளைவு

1953 வசந்த காலம். வழக்கம்போல விருந்தினர் கூட்டம். அன்று இன்ஜினை ஓட்டியது ஒரு விருந்தாளி. வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திருப்பினார். ரயில் தடம்புரண்டது. இன்ஜின் சாய்ந்ததில் நீராவி வெளியே பீறிட்டது. பக்கத்தில் இருந்த 5 வயதுச் சிறுமியின் காலில் அது பட்டுவிட்டது.

காயம் பெரிதில்லை. குழந்தை தேறிவிட்டாள். ஆனால், மேலே சொன்ன அந்த வரி ஞாபகம் இருக்கா? இரும்பைச் சுருக்கலாம், நீராவியைச் சுருக்க முடியாது. எவ்வளவு குட்டி இன்ஜினாக இருந்தாலும், உள்ளே கொதிப்பது நிஜம்.

வால்ட் என்ன செய்தார் தெரியுமா? வேகமாக ஓட்டியவர்மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த ஞாயிறு திரும்ப ஓட்டியிருக்கலாம். தான் மட்டும்தான் ஓட்டுவேன் என்று விதி போட்டிருக்கலாம். இரண்டும் இல்லை. ரயிலை நிறுத்திவிட்டார். இன்ஜினைத் தோட்டத்திலிருந்து எடுத்து ஸ்டூடியோவில் கொண்டுபோய் வைத்துவிட்டார். சுரங்கம், பாலம், அரை மைல் தண்டவாளம் எல்லாம் சும்மா கிடந்தன. லில்லி பெல் அந்தத் தோட்டத்தில் அதற்குப் பிறகு ஓடவில்லை.

யோசிச்சுப் பாருங்க. ஒரு மனுஷன் தன்னை மீட்டெடுத்த விஷயத்தை, ஒரு குழந்தையின் காலில் பட்ட காயத்துக்காகக் கைவிடுறது அவ்வளவு சுலபம் இல்லை. தனக்குச் சந்தோஷம் தருகிற ஒன்று அடுத்தவர் வீட்டுக் குழந்தைக்கு வலி தந்துவிட்டது என்றால், அதற்கு மேல் அதில் விளையாட எதுவும் இல்லை என்பது அவர் எடுத்த முடிவு.

தோட்டத்துக்குள் அடங்காத ரயில்

அப்போ ஓரமா வெச்ச அந்தக் குறிப்பை இப்ப எடுங்க. ரயில் நிலையம், சதுக்கம், பெஞ்சுகள்... ஆமா, நீங்க நினைக்கிறது சரிதான். டிஸ்னிலேண்ட்!

தோட்டத்தில் ரயில் நின்றபோது, பூங்காவின் திட்டம் ஏற்கெனவே வேகம் எடுத்திருந்தது. கம்பெனி பணத்தை இதில் இறக்க அண்ணன் ராய் முதலில் தயங்கினார். வால்ட் தன் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கினார். பாம் ஸ்பிரிங்ஸில் இருந்த ஓய்வு வீட்டையும் விற்றார். ஆரம்பத்திலிருந்தே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அசையவே இல்லை. பூங்காவைச் சுற்றி ரயில் ஓட வேண்டும். நிஜ நீராவி ரயில்!

ரயிலை உருவாக்கும் பொறுப்பு யாரிடம் போனது? அதே ரோஜர் ப்ராகியிடம்தான். 36 அங்குல அகலப் பாதையில் ஓடும் இரண்டு இன்ஜின்களை ஸ்டூடியோ ஆட்களே உருவாக்கினார்கள். அதற்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டது லில்லி பெல்லின் வரைபடங்களை! பொதுவாக நிஜ இன்ஜினைப் பார்த்து மாடல் செய்வார்கள். இங்கே மாடலைப் பார்த்து நிஜ இன்ஜின் பிறந்தது. கரோல்வுட் தோட்டத்தை அழகுபடுத்திய எவன்ஸ் சகோதரர்கள்தான் பூங்காவுக்கும் மரம் செடி நட்டார்கள். ரயிலுக்குப் பெயர் 'சான்டா ஃபே அண்ட் டிஸ்னிலேண்ட்'. மார்சலின் வழியாகப் போன அதே சான்டா ஃபே கம்பெனி ஸ்பான்சர்.

1955 ஜூலை 17, திறப்பு விழா. கலிஃபோர்னியா கவர்னரையும் சான்டா ஃபே தலைவரையும் இன்ஜினில் கூட வைத்துக்கொண்டு, ரயிலை ஓட்டி வந்து இறங்கினார் வால்ட். ரயிலில் சோடா விற்ற பையனுக்கு அப்போது 53 வயது.

விபத்து நடந்ததால்தான் டிஸ்னிலேண்ட் வந்தது என்று சொன்னால் அது சினிமா திரைக்கதை ஆகிவிடும். அந்த யோசனை முன்பே இருந்தது. ஆனால், தோட்டத்தில் கற்ற பாடங்கள் பூங்காவுக்குப் போயின என்பது உண்மை. வளைந்த சுரங்கத்துக்குள் ஒரு குழந்தை ஏன் கூச்சலிடுகிறது, யாருமே பார்க்காத கார்டு பெட்டிக்குள் ஏன் ஓர் அடுப்பு இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் மீட்டிங்கில் கற்கவில்லை. கையில் கரி அப்பிக்கொண்டு கற்றார்.

கொட்டகை இன்னும் இருக்கு

1966 டிசம்பர் 15 அன்று நுரையீரல் புற்றுநோயால் வால்ட் டிஸ்னி காலமானார். வயது 65. லில்லி பெல் இன்று சான் ஃபிரான்சிஸ்கோவில், அவர் பெயரில் குடும்பத்தினர் அமைத்த அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தோட்டத்தில் இருந்த அந்த மரக் கொட்டகையை 1999-ல் லாஸ் ஏஞ்சலீஸின் கிரிஃபித் பூங்காவுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு மாதமும் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பக்கத்திலேயே, இன்றும் லைவ் ஸ்டீம் ஆர்வலர்கள் குட்டி ரயில்களைப் பராமரித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு பொருத்தம் பாருங்க. மகள்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வால்ட் அவர்களை அழைத்துப் போனது இதே கிரிஃபித் பூங்காவுக்குத்தான். பிள்ளைகள் ராட்டினத்தில் சுற்றும்போது அவர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் இல்லையே என்று அவருக்குத் தோன்றியது அங்கேதான்.

உங்க வீட்டுப் பரண்ல ஏதாவது ஒரு பெட்டி இருக்கும். பாதியில விட்ட கிடாராக இருக்கலாம், காய்ந்துபோன பெயின்ட் ட்யூப்களாக இருக்கலாம், அண்ணனோடு சேர்ந்து ஓட்டிய பொம்மை ரயிலாகக்கூட இருக்கலாம். வேலை, இ.எம்.ஐ, மீட்டிங் எல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் கிடைத்தால், அதை இறக்கித் தூசி தட்டிப் பாருங்க. அது டிஸ்னிலேண்டாக மாறணும்னு அவசியமே இல்லை. வால்ட்கூட முதல்ல கேட்டது பூங்கா இல்லையே, தன் கையால செய்ய ஒரு குட்டிப் புகைபோக்கிதானே!